காட்பாடியிலிருந்து ஒரு கால்பந்து மாலை: பெரியமேடு நேரு ஸ்டேடியம்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. தைத்து வரும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதையே செய்கிறேன். அதனால் கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பேன். இந்தக் குணத்தோடுதான் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கும் போய் வந்தேன். எழுதுவதிலும் அது தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர்ப் பக்கம் கால்பந்துப் பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறோம், வெளியே தெரியாது. எங்கள் ஊருக்கு விளையாட்டில் பெயர் என்றால் எடை தூக்குவதுதான். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார், அதைப் பேசாத டீக்கடை இல்லை. கால்பந்து என்றால் ராத்திரி கண் விழித்து டிவியில் பார்க்கிற இங்கிலாந்து லீக்தான். “சென்னையில ஐ.எஸ்.எல். மேட்ச் பாக்கப் போகலாமா, ராத்திரியே திரும்பிடலாமா, எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கறது” என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐ.எஸ்.எல். என்றால் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து. ஆளுக்கு ஆள் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இது.

இந்த முறை அக்கா மகனையும் அழைத்துப் போனேன். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். நானும் அந்த வயதில் லெஃப்ட் பேக்தான், ஆனால் நான் ஆடியது பாலாற்று மணலில். தண்ணீர் இல்லாத ஆறு எங்களுக்குப் பெரிய மைதானம். கணுக்கால் வரை புதையும், பந்து உருளவே உருளாது, தூக்கித்தான் அடிக்க வேண்டும். அதில் பழகியவனுக்குப் புல்தரையைப் பார்த்தாலே ஒரு பொறாமை வரும்.

வீடு விருதம்பட்டில், காட்பாடி ஜங்ஷன் பக்கம். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர்தான். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பூந்தமல்லிக்குள் பஸ் நகர்கிற அழகைப் பார்த்தால் முதல் பாதி முடிந்துதான் போய்ச் சேர்வோம் என்று தோன்றும். ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்குத்தான் தொடங்கும், சில நாள் ஐந்து மணி ஆட்டமும் வரும். நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு ரயிலை முடிவு செய்யுங்கள்.

எங்கள் பெட்டியில் மஞ்சள் ஜெர்சி போட்ட ஐந்தாறு பெண்கள். சி.எம்.சி.யில் நர்ஸ் வேலை பார்க்கிற மலையாளிகள். அன்றைக்குச் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் ஆட்டம். வேலூரில் கால்பந்து ரசிகர் சங்கம் என்று ஒன்று வைத்தால் பாதிப் பேர் மலையாளிகளாகத்தான் இருப்பார்கள். என் மருமகன் நீலம், அவர்கள் மஞ்சள். அரக்கோணம் வருவதற்குள் வாழைக்காய்ச் சிப்ஸ் கைமாறிவிட்டது, பகை அதோடு தீர்ந்தது.

இந்த ஸ்டேடியத்தின் பெரிய வசதி அதன் இடம். சென்ட்ரலை விட்டு வெளியே வந்து, மூர் மார்க்கெட் வளாகத்தையும் விக்டோரியா ஹாலையும் தாண்டி, ரிப்பன் மாளிகையைக் கடந்து வலது பக்கம் திரும்பினால் ராஜா முத்தையா சாலை. பதினைந்து நிமிஷ நடை. மெயின் ரோட்டைக் கடக்கக்கூட வேண்டாம். சென்னையிலேயே இருக்கிறவர்களுக்கு மெட்ரோவும் சென்ட்ரல்தான். மற்ற ஊர்களில் பெரிய அரங்கங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ஜனங்களை நடுரோட்டில் நிறுத்துகிறார்கள். இங்கே ரயிலடிக்கும் மைதானத்துக்கும் நடுவில் 1913-இல் கட்டிய ஒரு வெள்ளை மாளிகைதான் நிற்கிறது.

பெரியமேடு எனக்குப் புது இடம் இல்லை. அப்பா ராணிப்பேட்டையில் டேனரியில் இருந்தார். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வடாற்காட்டில் தோல் பதப்படுத்துகிற ஊர் எதுவாக இருந்தாலும், வியாபாரம் பேச வருகிற இடம் பெரியமேடுதான். அப்பா ஆட்டுத்தோல் சாம்பிளைத் துணிப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறையாவது வருவார். லீவு நாளில் என்னையும் கூட்டி வந்திருக்கிறார். சந்துக்குள் நுழைந்ததும் டேனரி வாசனை வரும், சென்னைக்கு வந்தும் வீட்டிலேயே இருக்கிற மாதிரி இருக்கும். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் அப்பா ஸ்டேடியத்தில் சென்னை லீக் ஆட்டம் ஏதாவது நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாராம். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று கம்பெனி அணிகள் ஆடிய காலம் அது. இந்தியன் வங்கி சாதாரண அணி இல்லை, 1996-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் இடம் பிடித்த பன்னிரண்டு அணிகளில் ஒன்று. இன்றைக்கு நீல ஜெர்சி போட்டுக்கொண்டு கத்துகிற பையன்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அப்பா பார்த்தது பழைய மைதானம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றுதான் சொல்வார். அங்கே கிரிக்கெட் டெஸ்டே நடந்திருக்கிறது. 1956 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், நியூசிலாந்தை எதிர்த்து வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த இடத்தில்தான். மன்கட் 231, ராய் 173. அந்தச் சாதனையை 2008 வரைக்கும் யாராலும் முறியடிக்க முடியவில்லை. அப்பாவின் டேனரியில் இருந்த கணக்குப்பிள்ளை ஒருவர் இந்த 413-ஐச் சொல்லாமல் கிரிக்கெட் பேச்சை முடிக்கவே மாட்டார். 1965-க்குப் பிறகு டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்துக்குப் போய்விட்டன. கிரிக்கெட் கிளம்பிப் போனதால்தான் இந்த இடம் கால்பந்துக்கு மிஞ்சியது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நாம் பார்க்கிற அரங்கம் 1993-இல் திறந்தது. அந்த வருடமே நேரு கோப்பைக் கால்பந்து இங்கே நடந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அப்போது ஊர் பெயர் இன்னும் மெட்ராஸ்தான், சென்னை என்று மாறியது அடுத்த வருடம். கட்டி முடிக்கும் முன் ஒரு தடவை அப்பாவோடு வந்தபோது, சுவருக்கு மேலே சாரம் தெரிந்ததும், “இது என்னப்பா, கோட்டையா?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. வேலூர்க்காரனுக்குப் பெரிய சுவர் எதைப் பார்த்தாலும் கோட்டைதான்.

நாற்பதாயிரம் பேர் உட்காரலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இடம். 2014-இல் ஐ.எஸ்.எல். வந்ததிலிருந்து சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுதான் சொந்த மைதானம், மெரினா அரீனா என்று ஒரு செல்லப் பெயரும் வைத்தார்கள். மெரினாவுக்கும் இதற்கும் இடையே பாதி நகரம் இருக்கிறது. சரி, பெயர் வைக்கிறவர்கள் வரைபடத்தையா பார்ப்பார்கள்.

உள்ளே நுழைந்து படியேறித் தலையை நீட்டியதும் மருமகன் சொன்ன முதல் வார்த்தை: “மாமா, இவ்ளோ தூரமா?”

அதுதான் இந்த அரங்கத்தின் ஆதாரமான குறை, எல்லோரும் சொல்கிற குறையும் அதுவே. புல்லுக்கும் நமக்கும் நடுவில் ஓடுதளம் ஓடுகிறது. இது தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய அரங்கம். தூரம் என்று வெறுமனே சொன்னால் என் வேலைக்கு மரியாதை இல்லை, அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரப்படுத்திய 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதாவது உள்ளே கிடைக்கிற இடம் 73 மீட்டர் அகலம், நடுவில் அளந்தால் 157 மீட்டர் நீளம். கால்பந்துத் தரை 105-க்கு 68. அகலவாக்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டரை மீட்டர்தான் மிச்சம். ஒரு லேன் 1.22 மீட்டர், எட்டு லேன் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 10 மீட்டர். ஆக நீளப் பக்கத்தில் உட்கார்ந்தால் கோட்டிலிருந்து குறைந்தது 12 மீட்டரில் இருக்கிறோம். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலோ வளைவுக்குள் இருக்கிற 26 மீட்டரும் லேன்களின் 10 மீட்டரும் சேர்ந்து 36 மீட்டர். இது முதல் வரிசைக்கே. எதிர்க் கோலில் நடப்பதைப் பார்க்க அதோடு இன்னொரு 105 மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே கோல் விழுந்தால் பக்கத்து ஆள் எழுந்து குதிப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போது ஸ்டாண்டின் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று படத்தில் பாருங்கள். நீளப் பக்கம், மேல் வரிசை. விலை கூடுதல் என்றாலும் அதுதான். முதல் வரிசை கிட்ட இருக்குமே என்று ஆசைப்பட்டு எடுத்தால் விளம்பரப் பலகைகளுக்கு மேலே வீரர்களின் இடுப்புதான் தெரியும், கால் தெரியாது. கால்பந்தில் காலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்டத்தின் உருவம் தெரிகிறது. பந்து வலது பக்கம் இருக்கும்போது இடது பக்க லெஃப்ட் பேக் எவ்வளவு உள்ளே நகர்ந்து நிற்கிறான் என்பதை டிவியில் ஒரு நாளும் காட்ட மாட்டார்கள். இங்கே அதை முழுக்கப் பார்க்கலாம். மருமகனுக்கு நான் காட்டிக்கொடுத்தது அது ஒன்றுதான். முதல் பதினைந்து நிமிஷம் பந்தைப் பார்க்காதே, உன் இடத்தில் ஆடுகிறவனை மட்டும் பார் என்றேன். பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தான்.

ஓடுதளத்தால் வரும் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்துக்கு 2016-இல் குடிபோன வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் இன்றைக்கும் இதே தூரத்தைச் சொல்லிப் புலம்புகிறார்கள். இத்தாலியில் டூரின் நகரத்து யுவென்டஸ் ஒரு படி மேலே போனது. 1990 உலகக் கோப்பைக்காக ஓடுதளத்தோடு கட்டிய பெரிய அரங்கத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஓடுதளம் இல்லாமல் சிறியதாக ஒன்று கட்டி 2011-இல் திறந்தார்கள். அதில் சுமார் 41,000 பேர்தான் உட்காரலாம், கிட்டத்தட்ட நம் அரங்கத்தின் அளவு. இங்கே அப்படி இடிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பெரியமேட்டில் ஓட வருகிற பிள்ளைகளுக்கு அந்த ரப்பர் தளத்தை விட்டால் வேறு எங்கே போவது? கால்பந்துக்கென்றே தனியாக ஒரு பெரிய அரங்கம் தமிழ்நாட்டில் இல்லையே என்றுதான் குறைப்பட வேண்டும். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் ஆறு நகரங்களில் நடந்தபோது பக்கத்தில் இருக்கிற கொச்சிக்குப் போனது, சென்னைக்கு வரவில்லை. ஐ லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியை 2018-19-இல் சென்னை சிட்டி அணி வென்றபோதும் அவர்கள் சொந்த மைதானமாக ஆடியது கோயம்புத்தூரில்.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்று. கார்னர் கொடி நிற்கிற மூலையைக் கவனித்துப் பாருங்கள். ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84 மீட்டரில் முடிந்து வளையத் தொடங்கிவிடுகிறது, ஆனால் கால்பந்துத் தரை 105 மீட்டர் நீளம். ஆக ஒவ்வொரு முனையிலும் பத்து மீட்டர் வளைவுக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் கார்னர் கொடிக்கும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கும் நடுவே கணக்குப்படி ஒரே ஒரு மீட்டர்தான் மிஞ்சும். கார்னர் அடிக்கிறவன் நாலைந்து எட்டு பின்னால் போய் ஓடி வர வேண்டும் என்றால் ஓடுதளப் பக்கம்தான் போயாக வேண்டும். ஸ்டட்ஸ், அதாவது அடியில் குமிழ் வைத்த ஷூ, போட்ட காலுக்கு அந்த ரப்பர் ஆகாது, வழுக்கும். ஓடுதளத்துக்கும் ஸ்டட்ஸ் ஆகாது. அதற்காகத்தான் இப்படிப்பட்ட அரங்கங்களில் அந்த மூலையில் செயற்கைப் புல்லை ஒட்டுப்போட்ட மாதிரி விரிப்பார்கள். முதலில் செயற்கைப் புல், அடுத்த எட்டில் நிஜப் புல், மூன்றாவது எட்டில் பந்து. ஷூ செய்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது. சோலில் இருக்கிற குமிழ் நிஜப் புல்லில் இறங்குகிற ஆழம் வேறு, செயற்கைப் புல்லில் வேறு. இடது காலை ஊன்றி வலது காலை வீசுகிற அந்த நொடியில் உடம்பு முழுக்க ஊன்றிய பாதத்தின் ஓரத்தில்தான் நிற்கும், அப்பர் சோலை விட்டுப் பிய்வதும் அந்த ஓரத்தில்தான். அன்றைக்கு யாரும் வழுக்கி விழவில்லை. நான்தான் ஒவ்வொரு கார்னருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தால் ஒரு வேடிக்கையும் உண்டு, இதைக் கண்டுபிடித்தது மருமகன். எதிர்ப்பக்கத்தில் கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது முதலில் பந்து கிளம்புவது தெரிகிறது, அப்புறம்தான் ‘தொப்’ என்ற சத்தம் வருகிறது. வண்ணான் துறையில் தூரத்தில் துணி அடிக்கிற மாதிரி. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும், நமக்கும் அந்தக் கோலுக்கும் நடுவே நூறு மீட்டருக்கு மேல் இருந்தால் கால் நொடிக்கு மேல் பிந்தும். அரங்கத்தின் அந்தக் கோடியில் கைதட்டினால் இந்தக் கோடியில் அரை நொடி கழித்துக் கேட்கும். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே தாளத்தில் தட்ட முடிவதே இல்லை, எப்போதும் ஒரு பக்கம் பின்தங்கும். பி ஸ்டாண்ட் புளூஸ் பையன்கள் மேளத்தை வைத்துக்கொண்டு அதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள்.

அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் கூட்டங்கள். தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே பாடுவார்கள். இருக்கை பாதி காலியாக இருக்கிற நாளிலும் அந்த ஒரு மூலை மட்டும் நிரம்பி இருக்கும். உட்கார்ந்து நிதானமாக ஆட்டம் பார்க்க நினைக்கிறவர்கள் அவர்கள் பக்கத்தில் டிக்கெட் எடுக்க வேண்டாம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் எடுக்கலாம், ஆனால் திரும்பி வரும்போது பிள்ளைக்குத் தொண்டை இருக்காது.

நான் இங்கே பார்த்ததில் மறக்க முடியாதது 2018 மார்ச் 13, கோவா அணியோடு அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். 3-0 என்று சென்னை ஜெயித்தது. ஜெஜே இரண்டு கோல், தன்பால் கணேஷ் ஒன்று. கணேஷ் வியாசர்பாடிப் பையன். அவன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு ரயில் பாதையைத் தாண்டினால் நாலைந்து கிலோமீட்டர்தான். ஜெஜே கோல் போட்டபோது எழுந்த சத்தம் ஒரு விதம், கணேஷ் போட்டபோது எழுந்தது வேறு விதம். நம் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி. முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பி, யார் என்றே தெரியாத என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து பெங்களூரில் நடந்த இறுதியில் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை வாங்கினார்கள். முதல் கோப்பை 2015-இல். அந்த வருடம் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தையே புனேவுக்குக் கொண்டுபோய் ஆட வேண்டியதாயிற்று. கொல்கத்தாவை 3-0 என்று அடித்ததைக் கம்பெனி கேன்டீன் டிவியில் பார்த்தோம். இந்த லீக்கின் ஒரு பகுதி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் போனால் பையில் ஒரு ரெயின்கோட் இருக்கட்டும். குடையை உள்ளே விட மாட்டார்கள், தண்ணீர் பாட்டிலும் வாசலோடு சரி.

இனி என் மானம் போன கதை. வாசலுக்கு முன்னால் நடைபாதையில் நீல ஜெர்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். 250 ரூபாய். மருமகன் ஆசைப்பட்டான். நான் கையில் வாங்கி, வெளிச்சத்தில் விரித்து, காலரைப் பார்த்து, அடிமடிப்பைப் பார்த்து, பரவாயில்லை என்று வாங்கிக்கொடுத்தேன். அக்குளைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருட அனுபவத்தில் புதுசாகச் சேர்ந்த பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, இழுபடுகிற இடத்தை முதலில் பார் என்பதுதான். இடைவேளைக்குச் சற்று முன்னால் நம்மவர் ஒருவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, பையன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். சர்ரென்று ஒரு சத்தம். இடது அக்குளில் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துகொண்டது. திருப்பிப் பார்த்தேன்: ஓவர்லாக் நூல் துணியின் ஓரத்தைப் பிடிக்கவே இல்லை, காற்றில் தைத்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு ஆறு தையல்கூடத் தேறாது. “மாமா, இது உங்க கம்பெனியில பாஸ் ஆவுமா?” என்று கேட்டான் பையன். பின்வரிசையில் இருந்த மஞ்சள் ஜெர்சிக்காரர் ஒருவர் ஊக்கு எடுத்துக் கொடுத்தார். எதிரி அணிக்காரரிடம் ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டு இரண்டாம் பாதியைப் பார்த்தோம்.

ஸ்கோரை எழுதவில்லை, அது எந்தப் பேப்பரிலும் கிடைக்கும்.

சாப்பாடு: உள்ளே கிடைப்பது சமோசா, பாப்கார்ன், குளிர்பானம். விலை சினிமா தியேட்டர் விலை. நான் ஒரு கடையில் வாங்கிய சமோசா மத்தியானமே போட்டது என்று வாயில் வைத்ததும் தெரிந்தது. ஆட்டத்துக்கு முன்பே வெளியே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது உத்தமம். பெரியமேட்டில் பிரியாணிக் கடைக்குப் பஞ்சமில்லை, தோல் வியாபாரத்தோடு எங்கள் ஊர் பிரியாணியும் அங்கே குடியேறிவிட்டது. ஆம்பூர் பிரியாணி என்று பலகை போட்டிருக்கும். சீரகச் சம்பா அரிசியா, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கிறார்களா என்று இரண்டை மட்டும் பாருங்கள். கத்திரிக்காய் இல்லாமல் வெங்காயப் பச்சடியை மட்டும் நீட்டினால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடலாம். நாங்கள் உட்கார்ந்த கடையில் கத்திரிக்காய் இருந்தது, கறியும் வெந்திருந்தது. ஆம்பூரில் சாப்பிடுகிற மாதிரி இருந்ததா என்று கேட்காதீர்கள்.

பக்கத்திலேயே உள்ளரங்கம் ஒன்று இருக்கிறது, 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது அங்கேதான். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் நிகழ்ச்சி இருந்தால் ராஜா முத்தையா சாலை அடைத்துக்கொள்ளும். கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் கவலை அது. நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடிந்தபோது ஒன்பதரை. விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் படியை நோக்கித் திரும்புவார்கள், பிள்ளைகளோடு போனால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்குக் கைதட்டுவதையும் பார்த்துவிடலாம். அந்தப் பக்கம் வந்த எங்கள் லெஃப்ட் பேக்கின் ஸ்டட்ஸை நான் பார்த்தேன். இடது கால் முன்பக்கத்தில் புல்லும் மண்ணும் அப்பியிருந்தன, வலது கால் சுத்தமாக இருந்தது. ஊன்றுகிற கால் எது என்று அதிலேயே தெரிந்துவிடும், அவன் லெஃப்ட் பேக்காக ஆடினாலும் வலது காலால்தான் நிறைய அடித்திருக்கிறான். மருமகனிடம் சொன்னேன். “அப்ப நானும் ஆடலாம், நானும் வலது கால்தான்” என்றான். பாலாற்றில் ஆடிய காலத்தில் எனக்கும் வலது கால்தான். அவனிடம் சொல்லவில்லை, பெருமையடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

ரிப்பன் மாளிகை விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. சென்ட்ரலுக்கு நடந்தே வந்தோம். பத்து மணியை ஒட்டி சேரன் இருக்கிறது, அதை விட்டால் ஏற்காடு, எல்லாம் காட்பாடியில் நிற்கும். முன்பதிவு இல்லாத பெட்டியில் வெள்ளி, சனி இரவுகளில் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும், முடிந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள். எங்களுக்கு வாசலோரம் இடம் கிடைத்தது. மஞ்சள் ஜெர்சிப் பெண்களும் அதே ரயிலில்தான் வந்தார்கள், ஒருத்திக்குக் காலை ஏழு மணிக்கு டூட்டியாம். காட்பாடியில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் இருந்தன, விருதம்பட்டு என்றதும் மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடந்தே வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஞாயிறு. அக்கா வீட்டுத் தையல் மெஷினில் அந்த ஜெர்சியை நானே உட்கார்ந்து பிரித்து, இரண்டு அக்குளையும் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்துக்கு நீளப் பக்கம், மேல் வரிசையில் மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்றாவது டிக்கெட் அக்காவுக்கு.